அன்னபூர்ணா பேஸ் கேம்ப் நடையில எங்க, என்ன சாப்பிடலாம்?

அக்டோபர் கடைசில அஞ்சு பேரா நேபாளத்துல பொக்காரா போய், கோரேபானி, பூன் ஹில் பாத்துட்டு அப்படியே அன்னபூர்ணா பேஸ் கேம்ப் வரைக்கும் நடக்கப் போறோம், ரெண்டு பேர் சுத்த சைவம், ஒருத்தனுக்கு கறி இல்லாம சோறு எறங்காது, வழில எந்த ஹோட்டல்ல சாப்பாடு நல்லா இருக்கும்னு கேட்டிருக்கீங்க. கூடவே நடக்க முடியாத அப்பா அம்மாவ வேற பக்கம் அனுப்பலாமான்னும் கேட்டிருக்கீங்க, அதுக்கு கடைசில வர்றேன்.

நடை ஆரம்பிச்சதுக்கப்பறம் எந்த ஹோட்டல்னு தேடறதுக்கே அங்க வேலை இல்ல. வழி நெடுக இருக்கறது டீ ஹவுஸ்னு சொல்ற லாட்ஜுங்கதான், எங்க படுக்கறீங்களோ அங்கயேதான் ராத்திரி சாப்பாடும் காலை டிபனும், இது எழுதாத சட்டம். ரூம் வாடகை அவ்ளோ கம்மியா இருக்கேன்னு ஆச்சரியப்படுவீங்க, அவங்க சம்பாதிக்கறது பூராவும் சமையக்கட்டுலதான், ரூம்ல இல்ல. படுக்கை ஒரு இடம் சாப்பாடு பக்கத்து லாட்ஜுன்னு போனா ரூமுக்கே பல மடங்கு போட்டு வாங்கிடுவாங்க, அது நியாயமும்கூட. மெனு கார்டும் அந்தந்த ஏரியாவுல எல்லா லாட்ஜுக்கும் ஒண்ணுதான், வெலைய லாட்ஜுக்காரங்க கமிட்டியும் ஏகேப்னு சொல்ற அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதி அமைப்பும் சேந்து முடிவு பண்றது, அதனால சாப்பாட்டுல பேரம் பேசி அவங்களையும் சங்கடப்படுத்தாதீங்க. நீங்க யோசிக்க வேண்டியது என்ன ஆர்டர் பண்றது, எப்ப ஆர்டர் பண்றது, மத்தியானம் எந்த ஊர்ல உக்கார்றது, இந்த மூணுதான்.

என்ன ஆர்டர் பண்றதுன்னா தால் பாத். ராத்திரி கண்ண மூடிட்டு அதையே சொல்லுங்க. சோறு, பருப்பு, ஒரு காய்கறி, கீரை, அப்பளம், கொஞ்சம் ஊறுகாய், அவ்ளோதான் தட்டு. அந்த மெனுவுல திரும்பத் திரும்ப வாங்கிக்கலாம்ங்கற ஒரே ஐட்டமும் இதுதான், சோறும் பருப்பும் வயிறு ரொம்பற வரைக்கும் போடுவாங்க, காய் பெரும்பாலும் இன்னொரு தடவை கெடைக்கும், அப்பளமும் ஊறுகாயும் அந்த லாட்ஜுக்காரங்க மனசப் பொறுத்தது. 'தால் பாத் பவர் 24 அவர்'னு டீ ஷர்ட்ல அச்சடிச்சு விக்கறாங்க, விளையாட்டுக்குப் போட்டதுதான்னாலும் நாள் பூரா படி ஏறி எறங்கற உடம்புக்கு அத விட்டா வேற சாப்பாடு இல்ல. ஒரு விஷயம் மட்டும், நம்மாளுங்க சூப்பு, டீயெல்லாம் ஒன் பை டூ சொல்லிப் பழகினவங்க, அத இங்க தால் பாத்ல காட்டாதீங்க, ஒரு தட்டு ஒரு ஆளுக்குத்தான், ரெண்டாவது தடவ சோறு வாங்கி பக்கத்துல தள்றத அந்த அக்கா பாத்துகிட்டேதான் இருப்பாங்க.

அது எப்படி வருதுன்னு தெரிஞ்சா ஏன் லேட்டாகுதுன்னும் புரியும். பேஸ் கேம்ப் போற வழில இருக்கற தோவான் மாதிரி ஊர்ல சாயங்காலம் சமையக்கட்டு வாசல்ல நின்னு பாருங்க, ரெண்டு மூணு கேஸ் அடுப்பு, ஒண்ணுல பெரிய குக்கர்ல சோறு, ஒண்ணுல பருப்பு, மூணாவதுல யாரோ கேட்ட ஃபிரைடு ரைஸ். பருப்பு வெந்ததும் கரண்டில நெய்யோ எண்ணெயோ காய வெச்சு, ஜிம்புன்னு காஞ்ச புல்லு மாதிரி ஒண்ணு, அதுல ஒரு சிட்டிகை போட்டு அது கருகறதுக்குள்ள பருப்புல கொட்டுவாங்க, சத்தத்தோட ஒரு வாசனை வரும் பாருங்க, வெங்காயமும் பூண்டும் கலந்த மாதிரி, டைனிங் ஹால் வரைக்கும் வந்து நிக்கும். அப்பறம் ஒரு பையன் ஒரு கைல சோத்துக் குண்டான், ஒரு கைல பருப்பு வாளியோட வரிசையா வருவான், நம்ம ஊரு பந்தி வேகத்துலதான். போதும்னா புக்யோன்னு சொல்லணும், சும்மா தலைய ஆட்டினா நமக்கு போதும்னு அர்த்தம் அவனுக்கு இன்னும் போடுன்னு அர்த்தம், போட்டுட்டுப் போய்டுவான். கையால சாப்பிடுங்க, தயங்கவே வேணாம், கைடும் போர்ட்டரும் அப்படித்தான் சாப்பிடுவாங்க, நம்ம ஆளுங்க கைல பெசஞ்சு சாப்பிடறதப் பாத்தாலே அவங்களுக்கு ஒரு நெருக்கம் வந்துடும். எச்சில் விஷயத்துலயும் நம்ம வீடு மாதிரிதான், சாப்பிடற கையால பொதுக் கரண்டியத் தொடக் கூடாது, செம்புத் தண்ணிய அண்ணாந்து குடிக்கணும். அடுப்பங்கரைக்குள்ள கேக்காம நுழையாதீங்க.

அடுத்து எப்ப ஆர்டர் பண்றது. லாட்ஜுக்கு சாயங்காலம் போய்ச் சேந்ததும் குளிக்கறது, போன் சார்ஜ் போடறது எல்லாம் அப்பறம், மொதல்ல ராத்திரி சாப்பாட்டச் சொல்லிடுங்க. ஆர்டருக்குன்னு ஒரு நோட்டு இருக்கும், அதுல ரூம் நம்பர் போட்டு என்ன வேணும், எத்தன மணிக்கு வேணும்னு எழுதணும், காலை டிபனையும் ராத்திரியே எழுதிடணும். அஞ்சு பேரும் அஞ்சு விதமா சொன்னா, ஒருத்தனுக்கு பீட்சா ஒருத்தனுக்கு பாஸ்தா ஒருத்தனுக்கு மோமோன்னு, அடுப்பு இருக்கறதே ரெண்டு மூணுதான், கடைசி ஆளு சாப்பிடறதுக்குள்ள மொத ஆளு தூங்கிடுவான். ரெண்டு ஐட்டத்துக்கு மேல போகாதீங்க. அக்டோபர் கடைசின்னா கூட்டம் உச்சத்துல இருக்கும், அதனால இத கண்டிப்பா கவனிங்க.

இப்ப மத்தியான சாப்பாடு, உங்க வழிப்படியே சொல்றேன். ஜீப் இப்ப உல்லேரி வரைக்கும் போகுது, ஆனா கீழ திக்கேதுங்கால எறங்கி நடந்தா உல்லேரிக்கு ஆயிரக்கணக்குல கல்லுப்படி ஏறணும், அந்தப் படிக்கு முன்னாடி வயிறு முட்ட சோறு சாப்பிட்டீங்கன்னா ஒவ்வொரு படியிலயும் அது ஞாபகப்படுத்தும். அதனால கீழ டீயும் பிஸ்கட்டும், மேல உல்லேரி தாண்டி பந்தான்டில உக்காந்து நூடுல்ஸ் சூப். பகல்ல எப்பவுமே நூடுல்ஸ், ஃபிரைடு ரைஸ், அவிச்ச உருளைக்கிழங்கு மாதிரி சீக்கிரம் வர்றதுதான் சரி, தால் பாத் சொன்னா புதுசா சோறு வடிக்க ஒரு மணி நேரம் போய்டும், வெயில் போய் மேகம் ஏறி வந்துடும். ஆனா பத்து பத்தரை மணிக்கு ஏதாவது ஊரக் கடந்தீங்கன்னா விதிவிலக்கு, நேபாளத்துல வீட்டுச் சாப்பாடே அந்த நேரத்துலதான், கைடும் போர்ட்டரும் சாப்பிட உக்காருவாங்க, பானைல சோறு ரெடியா இருக்கும். பந்தான்டின்னு ரெண்டு ஊரு இருக்கு, உல்லேரிக்கு மேல ஒண்ணு, கோரேபானிலேர்ந்து தாடாபானி போற வழில ஒண்ணு, அதே மாதிரி தேவுராலியும் ரெண்டு, கைடு ஊர்ப் பேரு சொல்றப்ப குழம்பிக்காதீங்க.

கோரேபானி 2,860 மீட்டர், அங்கேர்ந்து விடியறதுக்கு முன்னாடி பூன் ஹில் 3,210 மீட்டர் ஏறுவீங்க, வெறும் வயிறோட ஏறினா போதும், உச்சிலயே டீக்கடை போட்டிருப்பாங்க, வெல கூடத்தான், ஆனா அந்தக் குளிர்ல கை சூடாகறதுக்காவது வாங்குவீங்க. எறங்கி வந்து தெம்பா டிபன். டிபன்ல என் ஓட்டு திபெத்தன் ப்ரெட், கீழ குருங் ப்ரெட்னும் மெனுவுல இருக்கும் (குருங்குங்கறது அந்த மலை சனம்), மாவப் பெசஞ்சு நடுவுல கீறி விட்டு எண்ணெயில பொரிச்சது, தேனோ முட்டையோ தொட்டு சாப்பிட்டா மத்தியானம் வரைக்கும் தாங்கும். எண்ணெய் ஒத்துக்காதவங்க ஓட்ஸ் கஞ்சியோ சாம்பா கஞ்சியோ, சாம்பான்னா வறுத்த பார்லி மாவு. டோஸ்ட் மட்டும் வேணாம், காசுக்கு மோசம், அரை மணில பசிக்கும். உங்க தேதி தீபாவளிய ஒட்டி இருந்தா அங்கயும் திஹார் பண்டிகை, ஊர்களுக்குள்ள சேல் ரோட்டின்னு அரிசி மாவுல வளையமா சுட்டது கெடைக்கும், கண்ணுல பட்டா விடாதீங்க.

சோம்ரோங், இது பெரிய குருங் ஊரு, பேக்கரி இருக்கு, சாக்லேட் கேக், ஆப்பிள் பைன்னு கண்ணாடிக்குள்ள அடுக்கி வெச்சிருப்பாங்க. போறப்ப சாப்பிடாதீங்க, திரும்பறப்ப சாப்பிடுங்க, ஏன்னா ஊருக்கு அப்பறம் படி பூரா ஆத்துக்கு எறங்கி மறுபடி சினுவாவுக்கு ஏறணும், வர்றப்பவும் அதே படிதான், அப்ப அந்த கேக்க நெனச்சுகிட்டே ஏறிடலாம்.

சினுவாவுக்கு மேலதான் உங்க கறி நண்பருக்கு சோதனை. அங்கேர்ந்து பேஸ் கேம்ப் வரைக்கும் கோழி, எருமை, பன்னி எதுவும் கெடையாது, அந்தப் பள்ளத்தாக்கே அந்த ஊர் சனங்களுக்கு சாமி இடம், மச்சபுச்சரே மலை மேலயே ஏற விடறதில்ல, கறி கொண்டு போகக் கூடாதுன்னு போர்டும் வெச்சிருப்பாங்க. லாட்ஜ்ல விக்கறதில்லங்கறது மட்டும் இல்ல, நீங்களும் கொண்டு போகக் கூடாது, பைக்குள்ள கருவாட்டுப் பொடியோ சிக்கன் ஊறுகாயோ இருந்தா சோம்ரோங்லயே முடிச்சிடச் சொல்லுங்க. முட்டை கெடைக்கும், அத வெச்சு ஓட்டிக்கலாம். கீழ இருக்கற ஊருலயும் கறிய நான் சிபாரிசு பண்ண மாட்டேன், ஃப்ரிட்ஜ் இல்லாம சுமந்துட்டு வந்த கறி எப்ப வெட்டினதுன்னு யாருக்கும் தெரியாது, நடு வழில வயித்தால போச்சுன்னா மொத்த பிளானும் போச்சு. சைவக்காரங்க ரெண்டு பேருக்கும் இது பொற்காலம்னே சொல்லலாம், மேல எங்க பாத்தாலும் அவங்க சாப்பாடுதான். ஆனா வெங்காயம் பூண்டு சேக்காதவங்களா இருந்தா ஆர்டர் பண்றப்பவே சொல்லணும், நான் சொன்ன அந்த ஜிம்புவும் வெங்காயக் குடும்பம்தான், தாளிப்புல அது போகும்.

மேல போகப் போக வெல ஏறும். கீழ 500, 600 நேபாள ரூபாய்னு இருக்கற தால் பாத் மேல 900 பக்கம் போய்டும். ஏன்னு கேட்டா வழில பாத்தாலே தெரியும், சோம்ரோங் பக்கம் வரைக்கும் கோவேறு கழுதை, அதுக்கு மேல பெரும்பாலும் மனுஷன் முதுகு, டோக்கோ கூடைய நெத்தில பட்டை மாட்டி தூக்கிட்டு, கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, முட்டை அட்டையெல்லாம் உங்களைத் தாண்டிப் போகும். அதப் பாத்தப்பறம் பில்லப் பாத்து முணுமுணுக்க வாய் வராது.

மெனு கார்டு பெருசா இருக்கும், நாலு நாட்டு சாப்பாடும் இருக்கும், அதெல்லாம் நம்பி எறங்காதீங்க. பீட்சாங்கறது ஒரு ரொட்டி மேல சாஸும் சீஸும், பாஸ்தா கொழஞ்சு வரும், 'இண்டியன் கறி'ங்கறது மஞ்சத் தண்ணில உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்க மட்டும் எப்படிக் கேட்டாலும் நம்பலாம், அங்கயே வெளையறது, தோலோட அவிச்சு மொளகா அரச்ச அச்சாரோ உப்போ தொட்டு சாப்பிட்டா அதுக்கு ஈடு இல்ல. வெஜ் மோமோவும் பெரும்பாலும் நல்லாவே இருக்கும், ஆனா மாவு தேச்சு மடிச்சு ஆவில வெச்சுன்னு நேரமாகும். ஸ்நிக்கர்ஸ் ரோல்னு ஒண்ணு பாப்பீங்க, சாக்லேட்ட மாவுல சுத்தி பொரிச்சு தருவாங்க, கிறுக்குத்தனம்தான், மேல போய்ச் சேந்த அன்னைக்கு அஞ்சு பேருக்கு ஒண்ணு வாங்குங்க.

தேவுராலி 3,230 மீட்டர், அங்க சூடா ஏதாவது சாப்பிட்டுத்தான் கெளம்பணும், அங்கேர்ந்து எம்பிசிங்கற மச்சபுச்சரே பேஸ் கேம்ப் 3,700 மீட்டர், அது வரைக்கும் நடுவுல கடை கெடையாது. பேஸ் கேம்ப் 4,130 மீட்டர். அந்த ஒசரத்துல பசி செத்துப் போய்டும், சோத்தப் பாத்தாலே வேணாம்னு தோணும், அப்பவும் கொஞ்சமாவது சாப்பிட்டே ஆகணும், பூண்டு சூப்போ தக்காளி சூப்போ சொல்லி அதுல கொஞ்சம் சோத்தப் போட்டுப் பெசஞ்சு குடிச்சா எறங்கிடும். பூண்டு சூப் குடிச்சா மலை நோய் வராதுன்னு எல்லா கைடும் சொல்வாங்க, அத மருந்தா நம்பி தலைவலியோட மேல ஏறிடாதீங்க, சூடான தண்ணியும் உப்பும் உள்ள போகுதுங்கற அளவுக்கு நல்லது, தலைவலியும் வாந்தியும் இருந்தா எறங்கறதுதான் மருந்து. சரக்கு மேல வேணவே வேணாம். இஞ்சி, எலுமிச்ச, தேன் போட்ட டீய கப் கணக்குல வாங்காம பாட் (pot) கணக்குல வாங்குங்க, சின்னது நடுத்தரம் பெருசுன்னு ஃப்ளாஸ்க்ல தருவாங்க, அஞ்சு பேருக்கு அதான் லாபம். பால் டீன்னா பவுடர் பால்தான். ஃபில்டர் காபி இல்லாம கண்ணு தொறக்காதவங்க ப்ரூ பாக்கெட் கொண்டு போய் வெந்நீர் மட்டும் காசு குடுத்து வாங்கிக்கங்க. தண்ணி பாட்டில் சோம்ரோங் தாண்டினா விக்கறதில்ல, கொதிக்க வெச்சதோ ஃபில்டர் பண்ணதோ லிட்டர் கணக்குல வாங்கி சொந்த பாட்டில்ல ஊத்திக்கணும், குளோரின் மாத்திரை பைல இருக்கட்டும்.

வீட்டுலேர்ந்து என்ன கொண்டு போறதுன்னா, ஒரு சின்ன டப்பா பருப்புப் பொடி, ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல், நாரத்தங்கா ஊறுகா, அதுக்கு மேல சுமக்காதீங்க. நாலாவது நாள் பருப்பும் சோறும் சலிச்சுப் போறப்ப ரெண்டாவது ரவுண்டு சோத்துல புளிக்காய்ச்சல் போட்டுப் பெசஞ்சா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க, கைடுக்கும் கொஞ்சம் குடுங்க, அவங்களுக்கு அந்தப் புளிப்பு ரொம்பப் பிடிக்கும். ஆனா சொந்த சாப்பாடு பூரா கொண்டு போய் லாட்ஜ்ல வெந்நீர் மட்டும் கேக்கற வேலைய செஞ்சிடாதீங்க, அவங்க பொழப்பே அதுதான்னு மேலயே சொல்லிட்டேன்.

எறங்கி ஜினு வந்தா சுடு ஊத்துல உக்காந்துட்டு வந்து சாப்பிடலாம், ஊத்து ஆத்தங்கரைல, லாட்ஜ்லேர்ந்து நல்லா கீழ எறங்கணும், திரும்பி ஏறி வந்ததும் பசி தாங்காது, அதனால போறப்பவே ஆர்டர் சொல்லிட்டுப் போங்க. கறி நண்பருக்கு அங்க தடை இல்ல, ஆனாலும் பொக்காரா வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க.

ஏன்னா எந்த ஹோட்டல்னு நீங்க கேட்ட கேள்விக்கு பதில் பொக்காராவுலதான் இருக்கு. ஏரிக்கரை ஓரமா இருக்கற லேக்சைட் ஏரியா பூரா பர்கரும் பாஸ்தாவும் போர்டு போட்டிருக்கும், அதையெல்லாம் தாண்டி தகாலி சமையல்னு போட்ட எடமாப் பாத்து நுழையுங்க. தகாலிங்க முஸ்தாங் பக்கத்து காளி கண்டகி பள்ளத்தாக்குக்காரங்க, திபெத் உப்பு வியாபாரம் நடந்த வழில சத்திரம் நடத்தியே பேர் வாங்கின சனம், அவங்க வீட்டுப் பொம்பளைங்க கையாலதான் நேபாள வழிப்போக்கன் சாப்பாடே ஒரு ஒழுங்குக்கு வந்துச்சுன்னு சொல்லலாம். பித்தளத் தட்டுல சோறு, கருப்பு உளுந்துப் பருப்பு, நெய், கடுகுக் கீரை, குந்துருக், திம்முர் போட்ட அச்சார்னு வரும். குந்துருக்ங்கறது கீரையப் புளிக்க வெச்சு காயப் போட்டது, சூப்பா வைப்பாங்க, மொத வாய் மொறைக்கும், மூணாவது வாய்ல பிடிச்சுடும். திம்முர் நாக்க லேசா மரத்துப் போகப் பண்ற ஒரு வகை மொளகு. சோத்துக்குப் பதிலா தீடோ கேளுங்க, கோதுமை இல்ல, கேழ்வரகோ பாப்பரைங்கற பக்வீட் மாவோ போட்டுக் கிண்டினது, அசல் நம்ம களிதான், நெய்யும் பருப்பும் தொட்டு மெல்லாம முழுங்கறதும் அதே மாதிரி. கறிக்காரருக்கு ஆட்டுக்கறி செட்டு தனியா உண்டு. சைவக்காரங்க மோமோ கடைல மட்டும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேளுங்க, பஃப்னா எருமை, மாட்டுக்கறி விக்கறதில்லன்னாலும் எருமை எங்கயும் இருக்கும், ஆவிப் பாத்திரமும் பெரும்பாலும் ஒண்ணேதான். காபிக்கும் இங்கதான் காத்திருந்த பலன், நேபாள மலைலயே வெளையற காபிக்கொட்டைய அரச்சுப் போடற கடைங்க லேக்சைட்ல நெறையவே இருக்கு.

அப்பா அம்மா விஷயம். அவங்கள ஜொம்சோம், முக்திநாத் பக்கம் அனுப்புங்க, ரோடு இருக்கு, பொக்காராலேர்ந்து சின்ன பிளேனும் இருக்கு. முக்திநாத்துதான் சாளக்கிராமம்னு ஆழ்வார் பாடின திவ்யதேசம், 108ல ஒண்ணு, அதனால தமிழ்நாட்டு யாத்திரை குரூப்புங்க சமையக்காரரோடயே வந்து எறங்கும், அப்படி ஒரு குரூப்புல சேத்து விட்டா ரசம் சோறே கெடைச்சிடும். தனியாப் போனா ஜொம்சோம்லயும் மார்ஃபாவுலயும் தங்கச் சொல்லுங்க, தகாலிங்க சொந்த மண்ணு, பருப்பும் கீரையும் பொக்காராவ விட நல்லா இருக்கும், மார்ஃபா ஆப்பிளுக்குப் பேர் போன ஊரு, காஞ்ச ஆப்பிளும் ஜூஸும் வாங்கிட்டு வரச் சொல்லுங்க. ஆனா முக்திநாத் கோவிலே 3,700 மீட்டருக்கு மேல, பிளேன்ல எறங்கின அன்னைக்கே மேல ஓடாம ஒரு ராத்திரி கீழ தங்கி, அன்னைக்கு லேசா சாப்பிட்டு, நெறைய வெந்நீர் குடிச்சுட்டுப் போகணும், வயசானவங்களுக்கு டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டுடுங்க.

காசு பூராவும் பொக்காராவுலயே நேபாள ரூபாயா எடுத்து வெச்சுக்கங்க, இந்திய ஒரு ரூபாய்க்கு அங்க 1.60, மேல கார்டெல்லாம் வேலைக்காவாது. சாப்பாட்டுக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூணு வேளையும் டீயும் சேத்து 2,500 நேபாள ரூபாய் ஒதுக்கினா கணக்கு இடிக்காது, ஸ்நிக்கர்ஸ் ரோல் தனி. காலைல கெளம்பறதுக்கு முன்னாடி அந்த ஆர்டர் நோட்டப் பாத்துத்தான் பில் போடுவாங்க, அவசரத்துல அடுத்த ரூம் டீயும் நம்ம கணக்குல ஏறும், நம்ம டீ அவங்க கணக்குல போகும், உக்காந்து ஒரு தடவ சரி பாத்துட்டுக் குடுங்க.